முக்காடு மறைந்த வெள்ளை எலி

மனைவி சமைத்துக்கொண்டிருந்த பாத்திரங்களை எடுத்துப் போய் உருக்கிவிட்டார் ஜாக் பிளாக். செத்த எலி ஒன்றை வைத்துச் சாந்தில் அச்செடுத்து, உருக்கியதை அதில் ஊற்றி, குட்டிக் குட்டியாக எலி உருவங்கள் வார்த்துக்கொண்டார். தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் தோல் பட்டையில் அவற்றைப் பதித்தார். நடுவில் விக்டோரியா ராணியின் பெயரின் முதலெழுத்துகள். வெள்ளைக் கால்சட்டையும் சிவப்பு உள்சட்டையுமாக லண்டன் தெருவில் வண்டியை நிறுத்தி, கூண்டுக்குள் வெறுங்கையை விட்டு எலிகளை அள்ளிக் காட்டுவார். தோளிலும் கையிலும் எலிகள் ஏறி ஓடும். கூட்டம் கூடும். எலி மருந்து விற்கும். ராணிக்கே எலி பிடிப்பவர் என்பது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட பட்டம். எலிக்கடி பட்டுப் பல முறை சாவின் விளிம்புக்குப் போய் வந்தவரும்கூட.

இன்றைக்கு உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் கூண்டு கூண்டாக இருக்கிறதே, சிவந்த கண்ணுள்ள வெள்ளை எலி, அதன் கதையை எங்கே தொடங்கினாலும் இந்த மனிதர் குறுக்கே வந்து நிற்பார். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளின் பிழைப்பைப் பற்றி வீதி வீதியாகப் போய் எழுதினார். அவரிடம் உட்கார்ந்து பிளாக் பேசிய பேச்சு அப்படியே அச்சாகியிருக்கிறது. அந்தப் பேச்சில் விலங்கியலாளர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கிற சில வரிகள் உண்டு.

அந்தக் காலத்து லண்டனில் உயிரோடு பிடித்த எலிக்கு நல்ல கிராக்கி. 1835-இல் வந்த சட்டம் காளையையும் கரடியையும் நாய்களை விட்டுக் கடிக்கவைக்கும் விளையாட்டைத் தடை செய்தது. எலிக்காக அங்கே யார் கண்ணீர் விட்டார்கள்? சாராயக் கடைகளின் மாடியில், சுற்றிலும் பலகை அடித்த ஒரு தொட்டி. அதில் எலிகளைக் கொட்டி, ஒரு டெரியர் நாயை இறக்கிவிடுவார்கள். எத்தனை நிமிடத்தில் எத்தனை எலி என்று பந்தயம். ‘பில்லி’ என்றொரு நாய் நூறு எலிகளை ஆறு நிமிடத்துக்குள் கொன்று பேர் வாங்கியது. கடைக்காரர்கள் வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் எலி வாங்கினார்கள். சாக்கடையிலும் தொழுவத்திலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துப் பல குடும்பங்கள் வயிறு வளர்த்தன.

இப்படி மூட்டை மூட்டையாக எலி கைமாறும் இடத்தில்தான், எப்போதாவது ஒன்று நிறம் மாறி வரும். கறுப்பு, திட்டுத் திட்டானது, அபூர்வமாக வெள்ளை. நாய்க்குப் போடாமல் அதைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பிளாக் தன் முதல் வெள்ளை எலியை ஹாம்ப்ஸ்டெட் பக்கத்தில் பிடித்ததாகச் சொல்கிறார். கறுப்பு எலிகள் ரீஜன்ட் தெருக் கடை ஒன்றில் கிடைத்தன. இரண்டையும் சாதாரண எலியோடு சேர்த்துச் சேர்த்து, ஆயிரத்து நூறுக்கும் மேல் வண்ண எலிகள் வைத்திருந்தாராம். கறுப்பும் வெள்ளையும், பழுப்பும் வெள்ளையும், சிவப்பும் வெள்ளையும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அணில் கூண்டில் வைத்து வளர்க்க இளம்பெண்கள் வாங்கிப் போனார்கள். கடைசியில் எல்லாவற்றையும் விற்றபோது முந்நூறு எலி பிரான்ஸுக்குப் போயிற்று. தெருவில் மருந்து விற்கிறவர் சொல்லும் கணக்கு. ஒன்றிரண்டு கைப்பிடி தள்ளிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ‘சேர்த்து வளர்த்தேன்’ என்ற சொல் பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. அதைச் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இது எந்த எலி என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டு ஓட்டுக்கூரையில் இரவில் ஓடுகிற எலி வேறு. கொல்லையில் வளை தோண்டும் பெருச்சாளி வேறு. இது சாக்கடை எலி, பழுப்பு எலி. 1769-இல் ஜான் பெர்க்கன்ஹவுட் என்பவர் இதற்கு ‘நார்வே எலி’ என்று லத்தீனில் பெயர் வைத்துவிட்டார். நார்வேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிழக்காசியாவில் தோன்றி, 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவிய எலி இது. தவறான ஊர்ப்பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளை எலியை எடுத்து வைத்துப் போற்றியவர் பிளாக் ஒருவர்தானா என்றால், இல்லை. ஜப்பானில் செல்வம் தரும் தெய்வமான தைகோகுவின் தூதன் வெள்ளை எலி. ஒசாகா நகரத்தில் எலி வளர்ப்பது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. எலியை எப்படி வளர்ப்பது, என்னென்ன நிறத்தில் எலி உண்டு என்று படத்தோடு சொல்லும் கையேடு அங்கே 1775-இல் வெளிவந்துவிட்டது. ராஜஸ்தானில் தேஷ்நோக் கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் காலடியில் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே ஒரு வெள்ளை கண்ணில் பட்டுவிட்டால் அம்மனே காட்சி தந்ததாக நம்பிக்கை. மணிக்கணக்காகக் காத்துக்கிடக்கிறார்கள். (அவை வேறு இனம், நம் கூரை எலியின் சொந்தக்காரர்கள்.) ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் செல்லம், ஓரிடத்தில் வியாபாரம். காட்டில் விட்டிருந்தால் ஆந்தைக்கு முதல் இரை.

நிறம் போனது எப்படி? உடலில் கருமைக்குக் காரணம் மெலனின். அதைச் செய்ய டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, டைரோசினேஸ் என்ற நொதி முதல் மாற்றத்தைச் செய்ய வேண்டும். அந்த முதல் படி நின்றுபோனால் பின்னால் உள்ள எந்த வேலையும் நடக்காது. நெசவில் சொன்னால், தறி இருக்கிறது, நூல் இருக்கிறது, பூ எங்கே விழ வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. சாயத் தொட்டி மட்டும் காலி. வெள்ளை நூலிலேயே பூவேலை நெய்த துணி மாதிரி. பூ இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணும் அப்படித்தான். சிவப்புச் சாயம் எதுவும் அங்கே கிடையாது. கருமை மறைக்காததால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிகிறது. அல்பினிசம் என்று நாம் சொல்வது இந்தக் காலித் தொட்டியைத்தான். சயாமியப் பூனைக்குத் தொட்டி முழுக்கக் காலியில்லை. அதன் நொதி சூட்டில் செயலிழந்து குளிரில் வேலை செய்யும். அதனால்தான் அதன் காது, மூக்கு, கால், வால் நுனிகள் மட்டும் கறுத்திருக்கின்றன.

வெள்ளை நூலில் நெய்த பூ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கே திரும்பி வரும்.

ஆய்வுக்கூடத்துக்குள் வெள்ளை எலி நுழைந்ததை 1856-லிருந்து பார்க்கலாம். பாரிஸில் பிலிபோ என்ற ஆய்வாளர் வெள்ளை எலிகளின் அட்ரினல் சுரப்பியை அறுத்தெடுத்துவிட்டு, அது இல்லாமல் அவை பிழைக்கின்றனவா என்று பார்த்தார். பிளாக் பிரான்ஸுக்கு அனுப்பிய முந்நூறை யார் வாங்கினார் என்பதை அவர் மேஹ்யூவிடம் சொல்லவில்லை. ஆகவே இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மனியில் கிராம்பே என்பவர் வெள்ளை எலியையும் காட்டெலியையும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக நிறம் எண்ணினார். மெண்டலின் பட்டாணிக் கணக்கை அப்போது யாரும் எடுத்துப் படிக்கவில்லை. எண்கள் கையில் இருந்தும் பொருள் புரியாமல் அந்தக் கட்டுரைகள் கிடந்தன.

அமெரிக்காவில் கதை வேகம் பிடிக்கிறது. மாசசூசெட்ஸின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் காலின் ஸ்டூவர்ட் 1894-இல் எலிகளின் சுறுசுறுப்பை உணவும் மதுவும் எப்படி மாற்றுகின்றன என்று அளக்கத் தொடங்கினார். முதலில் காட்டெலிகளைத்தான் வைத்திருந்தார். கடித்துக் குதறி, கூண்டையும் கரம்பி, ஆளைப் படாதபாடு படுத்தின. வெள்ளை எலிக்கு மாறினார். அறிவியல் வெள்ளை எலியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆழமான காரணம் ஏதாவது இருக்கும் என்று தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்: அது கடிக்கவில்லை. எத்தனையோ எலித் தலைமுறைகள் மனிதர் கையில் ஏறி இறங்கியதில் அந்தக் குணம் வந்துவிட்டது. கடிக்கிறவற்றை வளர்த்தவர்கள் விட்டு வைத்திருக்கமாட்டார்கள். அதே கிளார்க்கில் வில்லார்ட் ஸ்மால், லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தின் புதிர்ப்பாதையைப் பார்த்துச் சின்னதாக ஒரு கூடு செய்து, அதற்குள் வெள்ளை எலியை ஓடவிட்டார். ‘புதிருக்குள் எலி’ என்று இன்று கேலிச்சித்திரங்களில் வருவதெல்லாம் அதன் வாரிசுகள்.

சுவிட்சர்லாந்திலிருந்து வந்த அடால்ஃப் மேயர், சிகாகோவில் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்றி டொனால்ட்சனை வெள்ளை எலிப் பக்கம் திருப்பினார். டொனால்ட்சன் 1906-இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்துக்குப் போனபோது எலிகளையும் கூடவே கொண்டுபோனார். அங்கே தொடங்கியதை எலி வளர்ப்பு என்பதைவிட எலித் தொழிற்சாலை என்றே சொல்லலாம். எந்த வயதில் மூளை எத்தனை கிராம், வால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து அளந்து 1915-இல் ‘எலி’ என்ற பெயரில் ஒரு பெரிய அட்டவணைப் புத்தகமே போட்டார். மனிதனுக்கு ஒரு மாதம், எலிக்கு ஒரு நாள் என்பது அவர் கணக்கு. மூன்று வயது எலி தொண்ணூறு வயதுக் கிழவர். ஒரே கட்டுமானத்தில் ஒரே மாதிரியான எலிகள் எல்லா ஊருக்கும் கிடைத்தால், ஒரு ஊரில் செய்த சோதனையை இன்னொரு ஊரில் சரிபார்க்கலாம் அல்லவா? ரசாயனக் கடையில் தூய உப்பு வாங்குகிற மாதிரி, தூய எலி.

அந்தத் தூய்மையை உண்டாக்கியவர் ஹெலன் டீன் கிங். 1909-இல் ஒரே ஈற்றில் பிறந்த நான்கு வெள்ளைக் குட்டிகளில் தொடங்கினார். அண்ணனையும் தங்கையையும் சேர்ப்பது, பிறந்தவற்றில் நல்லதைப் பொறுக்கி மறுபடி அப்படியே சேர்ப்பது. உறவுக்குள் கலந்தால் வம்சம் தேய்ந்துபோகும் என்பது அன்று பெரிய விஞ்ஞானிகளின் நம்பிக்கையும்கூட. இருபத்தைந்து தலைமுறை தாண்டியும் அவருடைய எலிகள் தேயவில்லை. பொறுக்கி எடுத்ததால் உடல் பெருத்து, குட்டியும் நிறையப் போட்டன. அவர் அதோடு நிற்கவில்லை. உண்மையான காட்டெலிகளைப் பிடித்துவந்து கூண்டில் வளர்த்து, அவை அடங்குவதற்கு எத்தனை தலைமுறை ஆகிறது, எப்போது புதுப்புது நிறங்கள் தலைகாட்டுகின்றன என்று பல ஆண்டுகள் குறித்துவைத்தார். பிளாக் குருட்டாம்போக்கில் செய்ததை இவர் நோட்டுப் புத்தகத்தோடு மறுபடி செய்தார் என்று தோன்றும். விஸ்டார் எலிக்கு 1942-இல் வணிகப் பெயரே பதிவாயிற்று. உயிருள்ள பிராணிக்கு வணிகக்குறி.

விஸ்கான்சின் கதை எனக்குப் பிடித்தது. உணவில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்த எல்மர் மெக்கல்லம் முதலில் பல்கலைக்கழகக் குதிரை லாயத்தில் எலி பிடித்தார். அவற்றோடு மல்லுக்கட்ட முடியவில்லை. பிறகு சிகாகோவில் செல்லப்பிராணி விற்கும் கடையிலிருந்து பன்னிரண்டு வெள்ளை எலிகளை ஆறு டாலருக்கு வாங்கிவந்தார். விவசாயக் கல்லூரியில், விவசாயிகளின் வரிப்பணத்தில், எலிக்குத் தீனியா என்று மேலிடத்துக்கு எரிச்சல். அந்த எலிகள் வழியாகத்தான் அவரும் மார்கரீட் டேவிஸும் 1913-இல் வெண்ணெயிலும் முட்டை மஞ்சளிலும் இருக்கும், பிற்பாடு வைட்டமின் ஏ என்று பெயர் பெற்ற பொருளைச் சொன்னார்கள். ஆறு டாலர்! அதே விஸ்கான்சினில் 1925 வாக்கில் ராபர்ட் டாலி என்ற வேதியியலாளர் எலி விற்கும் கம்பெனி வைத்தார். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரான ஸ்பிரேக்கை முன்னால் சேர்த்து ‘ஸ்பிரேக்–டாலி’ என்று தன் எலிக்குப் பெயரிட்டார். இன்றும் அது வெள்ளை எலிகளில் முன்வரிசைக்காரர். அந்த வம்சத்தின் மூதாதைகளில் ஒன்று வெள்ளையல்ல. தலையில் முக்காடு போட்ட ஓர் ஆண் எலி.

நம் பக்கத்துக்கு வெள்ளை எலி வந்த இடம் குன்னூர். பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையை வாங்கிக்கொண்டு 1918-இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், பிறகு அங்கேயே பெரிய எலிக்கூடம் வைத்தார். அவருடைய சாதாரண எலிகளுக்கு வெண்ணெய் தடவிய சப்பாத்தி, முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, பால், வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் இறைச்சி. அன்றைய நீலகிரியில் பாதிப்பேருக்குக் கிடைக்காத சாப்பாடு. அடுத்து, இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்தார் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே ஒவ்வொரு கூட்டம் எலிக்கும் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய ‘மதராஸி’ சாப்பாட்டு எலி கடைசி. நிறுத்துப் பார்த்து வரிசைப்படுத்தியதில் நம் குழம்புச் சோற்றுக்கு விழுந்த அடி அது. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

இத்தனை பேருக்கும் ‘எலி’ என்றாலே வெள்ளை எலி என்று ஆகிவிட்டது. அதன் கண்ணைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ஜான் வாட்சன் 1907-இல் எலிகளின் கண்ணையே எடுத்துவிட்டுப் புதிர்ப்பாதையில் ஓடவிட்டார், ஓடின. எலிக்குப் பார்வை தேவையில்லை போலும் என்ற எண்ணம் வலுத்தது. கண்ணிருந்த காலத்தில் மட்டும் அவற்றுக்கு என்ன பெரிதாகத் தெரிந்திருக்கும்? வெளிச்சத்தைத் தடுக்கக் கருமை இல்லாததால் வெள்ளை எலியின் கண்ணுக்குள் ஒளி எல்லாப் பக்கமும் நுழைந்து கூசும். முக்காட்டு எலி பிரித்தறியும் கோட்டை இது பிரித்தறியாது. தூரத்தை நிதானிக்கத் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிக்கொண்டே நிற்கும். சிவப்புக் கண் எலி வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

உள்ளே இன்னும் ஒரு கோணல் இருந்தது. 1965-இல் ரேமண்ட் லண்ட், முக்காட்டு எலியையும் வெள்ளை எலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளைத் தொடர்ந்து பார்த்தார். ஒரு கண்ணின் நரம்புகளில் பெரும்பாலானவை மூளையின் எதிர்ப்பக்கத்துக்கும், கொஞ்சம் அதே பக்கத்துக்கும் போக வேண்டும். வெள்ளை எலியில் அந்தக் ‘கொஞ்சம்’ மிகவும் குறைந்திருந்தது. சாயம் இல்லாதது தோலோடு நிற்கவில்லை. மூளையின் கம்பி இணைப்பையே மாற்றிவிட்டது. பின்னால் சயாமியப் பூனையிலும், ஒரு வெள்ளைப் புலியிலும், அல்பினிசம் உள்ள மனிதர்களிலும் இதே கோணலைக் கண்டார்கள். மறு ஆண்டே வெர்னர் நோயல் இன்னொன்றைக் காட்டினார்: அறையில் எரியும் சாதாரண விளக்கே, இடைவிடாது எரிந்தால் வெள்ளை எலியின் விழித்திரையைக் கருக்கிவிடும். எழுபது ஆண்டுகளாக ஒளியும் நிழலும் காட்டிச் சோதித்த பிராணி பாதிப் பார்வையோடு நின்றிருக்கிறது. பார்வையைச் சோதிக்கிறவர்கள் இன்று முக்காட்டு எலியைத் தேடிப் போகிறார்கள்.

முக்காடு, முக்காடு என்கிறேனே, அது என்ன? தலையும் தோளும் கறுத்து, முதுகில் ஒரு கோடு ஓடி, மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்கும் எலி அது. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்ட பாட்டி மாதிரி இருக்கும். பிளாக்கின் வண்ண எலிகளில் இந்தச் சாயல் உள்ளவை நிறையவே இருந்திருக்கும்.

2012-இல் ஜப்பானின் கியோட்டோவில் தகாஷி குராமோட்டோவும் கூட்டாளிகளும் உலகத்தின் பல பக்கங்களிலிருந்து 117 வெள்ளை எலி வம்சங்களின் மரபணுக்களை எடுத்துப் படித்தார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் கொண்ட டைரோசினேஸ் சங்கிலியில், 299-ஆவது கண்ணியில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தது. விஸ்டாரிலும் அதே, ஸ்பிரேக்–டாலியிலும் அதே, 117-இலும் அதே. (மனிதரில் அல்பினிசம் உள்ள சிலரிடமும் இதே கண்ணி இப்படியே மாறியிருக்கிறது.) எத்தனையோ நாடு, எத்தனையோ கம்பெனி, எத்தனையோ பெயர், பிழை ஒன்றே ஒன்று. அது நேர்ந்தது ஒரே ஓர் எலியில். அந்த வெள்ளை வம்சங்களுக்குள் முக்காட்டுக்கான மரபணுவும் இருந்தது. ஆகவே அந்த ஒற்றை மூதாதை காட்டெலியல்ல. மனிதர் ஆசையாக வளர்த்த, முக்காட்டுச் செல்ல எலி. வெள்ளை எலியின் தோளில் இன்றைக்கும் முக்காடு கிடக்கிறது. வெள்ளை நூலில் நெய்தது.

அப்படியானால் ஹாம்ப்ஸ்டெட்டில் பிடித்த எலி? அது மூதாதையானால் அதற்கு முன்பே யாரோ ஒருவர் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்திருக்க வேண்டும். பிளாக்கிடம் கேட்டால் நிச்சயம் ஒரு கதை வைத்திருப்பார்.

முக்காட்டை வெளியே கொண்டுவருவது ஒன்றும் கஷ்டமில்லை. வெள்ளை எலியைச் சாக்கடைப் பழுப்பு எலியோடு சேர்த்தால் முதல் ஈற்றுக் குட்டிகள் எல்லாம் பழுப்பு. வயிற்றில் வேண்டுமானால் ஒரு வெள்ளைத் திட்டு. அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பேரக்குட்டிகளில், சராசரியாகப் பதினாறுக்கு நான்கு வெள்ளை, ஒன்பது உடல் நிறையச் சாயம் கொண்டவை. மிச்சம் மூன்று, பாட்டி போட்டிருந்தது யாருக்கும் தெரியாத முக்காட்டோடு பிறக்கும்.